கழுத்து வரைக்கும் மருந்து

முத்துச்செல்விக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

காலையில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்த மருந்து, சாயங்காலம் பாட்டிலின் கழுத்து வரைக்கும் நிற்கிறது. மருந்தென்ன கிணற்றுத் தண்ணியா, ஊறுவதற்கு?

மகள் லேகாவுக்குக் காதில் சீழ். போன மாதமும் இதே மருந்துதான். காய்ச்சல் விட்டதும், பிள்ளைதான் ஓடி விளையாடுதே என்று இவளாகப் பாதியில் நிறுத்திவிட்டாள். மறுபடி வலி வந்து பிள்ளை துடித்தபோது டாக்டர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

பாட்டிலில் இருக்கிற பொடியில் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரைக்கும் விட்டுக் கலக்கு, குலுக்கிக் கொடு, ஃபிரிட்ஜில் வை, நல்லா ஆகிவிட்டதென்று நிறுத்தாதே, ஒரு வேளைகூட விடாதே. இந்தத் தடவையும் ஏமாந்தால் பிள்ளைக்குக் காதே கேட்காமல் போனாலும் போகும் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை ரூம் வாடகை. அவளுக்குப் பகல் ஷிஃப்ட், புருஷன் சக்திகுமாருக்கு நைட் ஷிஃப்ட். ஃபிரிட்ஜுக்கு எங்கே போக? இருக்கிற ஒரே ஃபிரிட்ஜ் முன்போர்ஷன் வீட்டுக்காரம்மா மீனம்மாளிடம்.

மீனம்மாளோ கரண்ட் விஷயத்தில் மகா கெட்டி. பகலில் ஃபிரிட்ஜையே அணைத்துவைக்கிற பொம்பளையை முத்துச்செல்வி அங்கேதான் முதன்முதலில் பார்த்தாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். வச்சிட்டுப் போ, உம்பொண்ணுக்காகப் பகல்லயும் ஓடட்டும் என்று மீனம்மாள் சொன்னபோது, அட, இந்த அக்காவுக்கும் ஈரம் இருக்கே என்று நினைத்தாள்.

அந்த நினைப்பில் மண்.

"என்னக்கா, மருந்து கூடியிருக்கு?"

மீனம்மாளின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அது வந்து... நானே உன்னாண்ட சொல்லணும்னுதான்..."

மென்று முழுங்கியதிலேயே முத்துச்செல்விக்கு விளங்கிவிட்டது. மீனம்மாளின் மகள் ரத்னா நேற்றிலிருந்து லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருக்கிறாள். இங்கேயிருந்து எடுத்து அங்கே ஊற்றியாயிற்று. குறைந்தது தெரியாமல் இருக்கப் பச்சைத் தண்ணியையும் ஊற்றி வைத்தாயிற்று.

"உங்க பிள்ளைக்கு வேணும்னு கேட்டிருந்தா, டாக்டர்ட்ட நானே கூட்டிட்டுப் போயிருப்பேம்லா? எடுத்ததுதான் எடுத்திய, தண்ணிய எதுக்குக்கா ஊத்தி வச்சிய? எம்பிள்ளைக்குக் காது போனாலும் உங்களுக்குப் பரவாயில்ல, அப்படித்தான?"

"அய்ய, இரும்மா, சொல்றத..."

கேட்கிற நிலையில் அவள் இல்லை. மூடியைத் திறந்து மொத்தத்தையும் சாக்கடையில் கவிழ்த்தாள். காலி பாட்டிலை வாசற்படியில் நங்கென்று வைத்தாள்.

மீனம்மாள் சாக்கடையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். தப்பு செய்தவளுக்கு வாய் எப்படி வரும்?

ரூமுக்கு வந்ததும் அழுகை பீறிட்டது. லேகாவுக்கு ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டே புருஷனிடம் ஒன்றுவிடாமல் கொட்டினாள். அவன் அவளைப் போல் குதிக்கவில்லை. சண்டை எங்கேயும் ஓடிப்போகாது, ராத்திரி மருந்துதான் முக்கியம், கம்பெனி பஸ் வருகிற வரைக்கும் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓடு என்றான்.

ஓடினாள். வழியெல்லாம் மனசுக்குள் மீனம்மாளைக் காய்ச்சி எடுத்தாள். அடுத்த மாதமே ரூமைக் காலி செய்துவிட வேண்டும். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பார்த்தால் ரூம் கிடைக்காமலா போகும்?

ஷேர் ஆட்டோ நிற்கிற முக்கில் நடேசனுடைய மெடிக்கல். முதல் பாட்டிலும் டாக்டர் சீட்டைக் காட்டி அங்கே வாங்கியதுதான். மருந்தின் பேரைச் சொன்னதும் நடேசன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நீயும் வந்துட்ட? மத்தியானந்தானே உனுக்குப் புதுசு ஒண்ணு குடுத்து வுட்டேன்?"

"எனக்கா? நான் வரலையே."

"நீ வரல, உங்க வூட்டுக்காரம்மா வந்துச்சு. காலைல எங்கியோ வெளிய போறப்போ, பழக்க தோஷத்துல ஃபிரிட்ஜை அணைச்சிட்டுப் போயிடுச்சாம். திரும்பி வந்து பாத்தா மருந்து சுடுதாம். வேகாத வெய்யில்ல பாட்டிலும் கையுமா ஓடியாந்து, இத கொழந்தைக்குக் குடுக்கலாமான்னு கேட்டுச்சு. வாணாம்னேன். அத இங்கியே போட்டுட்டு, புதுசு வாங்கி, தண்ணியும் என்னையே அளந்து கலக்கச் சொல்லி எடுத்துனு போச்சு. நான் பண்ண தப்பு, அந்தப் பொண்ணாண்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலண்ணேன்னு ஒரே பொலம்பல்."

சாக்கடையில் கவிழ்த்தது புது மருந்து. என்னவெல்லாம் பேசிவிட்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த அக்காவைப் பேச விட்டிருக்கலாமே, பாவி.

"அண்ணே, அது... அது இப்ப இல்ல. இன்னொரு பாட்டில் தாங்கண்ணே. ராத்திரிக்குப் பிள்ளைக்குக் குடுக்கணும்."

"ஸ்டாக் இல்லியேம்மா. கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு, நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி அதையும் மீனம்மாதான் வாங்கினு போச்சு."

நடேசன் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"மத்தியானம் வாங்குன பாட்டில் எங்கை தவறி சாக்கடைல கொட்டிடுச்சுண்ணே, அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லல, தங்கமான பொண்ணுன்னு உன்ன ஒசத்தியா சொல்லிட்டுப் போச்சும்மா."