மதிலுக்கு அந்தப் பக்கம்

இதை எனக்கு முதலில் சொன்னவள் தியெப். போன மே மாதம், மாதாவுக்குப் பூ வைக்கும் பூசை முடிந்து, நாங்கள் கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது.

எங்கள் ஊர் லியூ வீட்டில் சாறு வைக்க வளர்க்கும் தியென் லீ கொடி பந்தலை விட்டு மதில் தாண்டிக் கிடக்கிறதாம். அடுத்த வீட்டுக் குயென், அதுதான் புருஷனைக் கடலுக்குக் கொடுத்த இரண்டு பிள்ளைக்காரி, முக்காலி மேல் ஏறித் தளிரும் பூவுமாகக் கூடை நிறையப் பறிக்கிறாளாம்!

தியெப்புக்குப் பொறுக்கவில்லை. நேரே லியூவிடம் போயிருக்கிறாள்.

"அக்கா, தண்ணி ஊத்துறது நீ. நண்டுச் சாத்துல போட்டுத் திங்கறது அவளா?"

"மெதுவாடி. காதுல விழப்போவுது."

"விழட்டுமே! நீ கிண்ணத்துல சாறு கொண்டுபோனப்ப 'வேணாம்'னு முறுக்கிக்கிட்டா. இப்பத் திருடறா. இதோ கத்தி கொண்டாந்திருக்கேன், நானே கொடியை வெட்டறேன்."

"ஐயோ, வேணாம்டி!"

"இப்படியே இரு. நாளைக்கு உன் கோழிக்கூண்டும் மதில் தாண்டும்."

அந்தப் பக்கமிருந்து குயென் குரல் வந்தது.

"லியூ அக்கா! உன் கொடிக்கு அடக்கமே இல்ல. முற்றம் பூரா ஒரே குப்பை. நான்தான் தினம் கழிச்சுவிட வேண்டியிருக்கு!"

"கோவிச்சுக்காத கண்ணு. எனக்கு முட்டி வலி, ஏற முடியல. நீயே நல்லாக் கழிச்சுவிடு!"

தியெப் லியூவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "திருடிட்டுத் திட்டவும் செய்யறா. நீ கெஞ்சறியா?"

லியூ வாயில் விரல் வைத்தாள். குயென் கூடையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை பொறுத்தாள். பிறகு கிடுகிடுவென்று முக்காலியில் ஏறினாள். தன் பந்தலில் சுற்றியிருந்த புதுக் கொழுந்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் வளைத்து, துணிக்கிழிசலால் கட்டினாள்.

"கிண்ணத்துல குடுத்தா, வெறுங்கிண்ணமாத் திருப்பக்கூடாது, ஏதாவது போட்டுத் தரணும். அவகிட்ட போட்டுத்தர என்னடி இருக்கு? அதான் வாங்கல. கொடிக்குக் கிண்ணம் கிடையாது பாரு."

தியெப் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முக்காலியைப் பிடித்துக்கொண்டாளாம்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குயெனைச் சந்தையில் எங்காவது பார்த்தால், இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.