பனி நாள் டிக்கெட்

"இப்பவே சொல்லிடுறேங்க, இன்னைக்கு மேல போனா நீட்டின கை தெரியாது. அப்புறம் எங்களைத் திட்டக் கூடாது" என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

"பரவாயில்லம்மா, ரெண்டு கொடு" என்றார் கண்டக்டர். பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

அவர் மனைவி தையல்காரம்மா அண்ணாந்து பார்த்தாள். ஊரையே பார்க்கலாம் என்று பெயர் வாங்கிய நாற்பது மாடிக் கோபுரம், மூன்றாவது மாடிக்கு மேல் பனிக்குள் காணாமல் போயிருந்தது.

"முப்பது வருஷமா கேட்டேன், காசு பிடுங்குறான்னு சொல்லிட்டீங்க. போன வாரம் பூரா வெயில் அடிச்சப்ப உங்களுக்கு இடுப்பு வலி வந்துடுச்சு. இன்னைக்குப் பார்த்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே. உப்பு விக்கப் போனா மழை, மாவு விக்கப் போனா காத்து. உங்க ராசி அப்படி."

"வந்தது வந்துட்டோம். நட."

தலையில் தொப்பி, தோளில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் இரவல் பைனாகுலர் என்று வெளியூர்க்காரர் மாதிரி கிளம்பி வந்திருந்தார் மனிதர். வீடு என்னவோ இருபது நிமிட பஸ் தூரம்தான்.

இரண்டு டிக்கெட் போகிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. வீண் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. வெட்டிய துணியில் விழும் துண்டு தலையணை உறையாகும். அதிலும் மிஞ்சியது கரித்துணியாகும். இலவச சோப்புக் கூப்பனுக்குக் கடைசி நாள் என்று கொட்டுகிற மழையில் நடந்து போய் ஒரு சோப்பு வாங்கி வந்து, ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தவள் அவள்.

ஆனாலும் லிப்டில் ஏறினாள். இன்று விட்டால் இனி எப்போது?

நாளைக் காலை அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இதயத்தில் ஒரு வால்வை மாற்றப் போகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நன்றாக எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். மீதிப் பத்துப் பேரைப் பற்றித்தான் அவள் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். வெட்டாத துணிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தையல் மெஷினை நாத்தனாருக்கு என்று சொல்லிவிட்டாள். கண்டக்டருக்குச் சோறு வடிக்கக் கற்றுக் கொடுத்தாள். அவர் எப்போது "நீ திரும்பி வந்ததும்" என்று ஆரம்பித்தாலும், "முதல்ல வரேனான்னு பாப்போம்" என்று அங்கேயே கத்தரித்துவிடுவாள்.

"நீங்க பிழைச்சு வரணும்னு நினைக்கணும்மா. பாதி வைத்தியம் அதுதான்" என்று டாக்டரும் சொல்லிப் பார்த்தார். நினைப்பு வந்தால்தானே.

மேலே வட்டமான கூடம். சுற்றிலும் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே வெள்ளை. பால் பாத்திரத்துக்குள் நிற்பது போலிருந்தது. எந்தப் பக்கம் எது என்று கண்ணாடிக்குக் கீழே பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். 'மார்க்கெட்' என்ற எழுத்தின் மேல் அவள் விரலை வைத்தாள்.

"இதுக்குப் பின்னாடிதான் நம்ம தெரு. நம்ம மொட்டை மாடி இங்கிருந்து எத்தனூண்டு இருக்கும்னு பார்க்கணும்னு ஆசை. கொடுத்து வைக்கல, விடுங்க."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பனியின் மேல் கோபம், கண்டக்டரின் மேல் அதைவிடக் கோபம். அவரோ பைனாகுலரைக் கண்ணில் வைத்து வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வந்ததும் 'விசாரணை' என்று எழுதிய மேஜையை அவர் கண்ணால் காட்டினார். "டிக்கெட்டுக்கு முத்திரை போடுறாங்க போல. நீயே போய்க் கேளு." ஊர் பூரா வாயடிக்கிறவர், அந்த மேஜைக்கு மட்டும் நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த வழுக்கைத் தலைக்காரர் போனில் யாரிடமோ, "ஒண்ணும் தெரியாதுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, டிக்கெட்டுகளை வாங்கினார்.

"பனி நாள்ல வந்தவங்க ஒரு வருஷத்துக்குள்ள இன்னொரு தடவை சும்மாவே வரலாம்மா. பேர் சொல்லுங்க, எழுதி முத்திரை போட்டுத் தரேன்."

"சும்மாவா?" அவள் கண் விரிந்தது. உடனே நினைவு வந்து சுருங்கியது. "என் டிக்கெட்டுக்கு என் நாத்தனார் வரலாமாங்க?"

"பேர் உள்ளவங்கதான் வரணும்."

"அவங்க வரலேன்னா?"

"வீண்தான்" என்றார் அவர், சாதாரணமாக.

தையல்காரம்மா முத்திரை விழுந்த டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நாலாக மடித்தாள். பர்ஸில் சில்லறை விழாத உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"எந்த மாசம் வந்தா நல்லாத் தெரியும்?"

"மூணு மாசம் போகட்டும். அந்தக் கோடி மலை வரைக்கும் தெரியும்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். மாடிப்படி ஏறவே மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணக்குச் சரியாக இருந்தது.

"அப்ப மூணு மாசம் கழிச்சு வரேன். இதை வீணாக்க முடியாது" என்றாள்.

தள்ளி நின்ற கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை மறந்து, "கண்டிப்பா வரோங்க, ரெண்டு பேருமே வரோம்" என்று உரக்கச் சொன்னார்.

வழுக்கைத் தலைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஐயா, இந்தக் குரல்... பத்து நாளா தினம் காலைல போன் பண்ணி, 'மேல பனி இருக்கா?'ன்னு கேட்டது நீங்கதானே? 'இல்லீங்க, சுத்தமா இருக்கு, வாங்க'ன்னு நான் சொன்னா, 'அப்ப வேண்டாம்'னு வெச்சிடுவீங்களே?"