சொன்ன பேச்சு கேட்ட நோயாளி

“மாத்திரையை வாயில போட்டியா, இல்லை குப்பையில போட்டியா?”

டாக்டர் இப்படிக் கேட்டது தன் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணை. போன வருஷம் வேலையில் சேர்ந்தவள். வருகிறவர்கள் அவளை டோக்கன் அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

“வேளை தவறாமப் போட்டேன் சார்.”

“அப்போ ஏன் ஆறலை?”

அவளுக்கு எப்படித் தெரியும்? வலது ஆள்காட்டி விரலில் சின்னப் பருவாகத்தான் ஆரம்பித்தது. இப்போது விரலில் புண், புறங்கையில் இரண்டு கட்டி, மணிக்கட்டுக்கு மேல் ஒன்று. விரல் மடங்க மாட்டேன் என்றது. ஒரு டோக்கன் எழுதுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

“உங்களை மாதிரி ஆளுங்களுக்கு இதே வேலை. கொஞ்சம் வத்தினா மருந்தை நிறுத்திடுவீங்க. கிருமி மருந்துக்குப் பழகிக் கொழுத்துப் போகும். கடைசியில டாக்டர் சரியில்லைன்னு ஊரெல்லாம் சொல்வீங்க!”

வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். வைத்தியத்துக்குத்தான் ஃபீஸ், உபதேசம் எல்லோருக்கும் இலவசம்.

அவள் நீட்டிய விரலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் மருந்தை மாற்றி எழுதினார். முதலில் வெள்ளை, அப்புறம் மஞ்சள், இப்போது ரோஸ். மாத்திரையில் மட்டும்தான் முன்னேற்றம் தெரிந்தது.

“வேற டாக்டர்கிட்டக் காட்டட்டுமா சார்?”

“என்கிட்ட வேலை பார்த்துட்டு இன்னொருத்தர் வாசல்ல போய் நிப்பியா? என் மானம் என்னாகிறது? இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த மாசத்துக்குள்ள கை சரியாகலைன்னா நான் வேற ஆள் பார்த்துக்குவேன்.”

வீட்டில் புருஷன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தான்.

“அவர் மானத்தை அவர் பார்த்துக்கட்டும். உன் கை போனா வேற கை கிடைக்குமா?”

மறுநாளே ஊரின் இன்னொரு கோடியில் இருந்த தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் புண்ணிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. வளர்வதற்குக்கூட அவசரப்படாத கிருமி அது.

“காசநோய்க் கிருமிக்கு இது ஒண்ணுவிட்ட சொந்தம்,” என்றார் டாக்டரம்மா. “பயப்படாதீங்க, காசநோய் இல்லை. உங்ககிட்டேருந்து வீட்டுல யாருக்கும் ஒட்டாது. ஆனா சாதாரண மாத்திரைக்கெல்லாம் மசியாது. இதுவரைக்கும் நீங்க எவ்வளவு ஒழுங்காப் போட்டிருந்தாலும் கேட்டிருக்காது.”

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “ஒழுங்காத்தான் போட்டேன்மா. யாருமே நம்பலை.”

“விரல் பழையபடி மடங்குமா?” என்றான் புருஷன்.

“மடங்கும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா இப்படி அடிச்சுச் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு மருந்து சேர்த்து மாசக்கணக்காச் சாப்பிடணும். வாய் கசக்கும், வயித்தைப் புரட்டும். அதுக்காக நடுவுல விட்டீங்கன்னா அந்த மருந்துக்கும் அடங்காமப் போயிடும்.”

“எனக்கு எப்படிம்மா வந்துச்சு?”

“தண்ணியில இருக்கிற கிருமி. வீட்டுல மீன் வளர்க்கறீங்களா?”

“வீட்டுல இல்லை. வேலை பார்க்கிற இடத்துல பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கு. வாராவாரம் நான்தான் கையை விட்டுக் கழுவறேன்.”

“அதானே பார்த்தேன். இனிமே வெறுங்கையை அதுக்குள்ள விடவே கூடாது.” டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே சிரித்தார். “போன வருஷம் ஒரு டாக்டரே இதே மாதிரி விரலோட வந்தார். கிளினிக்குல மீன் தொட்டி வச்சிருக்காராம். மருந்தை ஒழுங்காச் சாப்பிட்டு நல்லாகிட்டார். என்கிட்ட வந்ததுலயே சொன்ன பேச்சு கேட்ட நோயாளின்னா அவர்தான்.”

“அவருக்கு என்ன சொன்னீங்க?”

“உங்களுக்குச் சொன்னதேதான், தொட்டிக்குள்ள கையை விடாதீங்கன்னு. அன்னிக்குச் சாயங்காலமே போன் பண்ணினார். ‘இனிமே விடமாட்டேன் டாக்டர், அதுக்குன்னே ஒரு பொண்ணை வேலைக்கு வச்சுட்டேன். டோக்கனும் அவளே குடுத்துடுவா’ன்னார்.”