ஈசலின் ஆய்வுச் சுருக்கம்

பல்லிதான் அந்த ஆய்விதழின் ஆசிரியர். ஈசல் எட்ட நின்று நீட்டிய ஆய்வுச் சுருக்கத்தைப் படித்ததும் அது முகம் சுளித்தது.

"என்னம்மா, எடுத்த எடுப்பிலேயே முடிவைப் போட்டிருக்கே? முதல்ல பின்னணி, அப்புறம் நோக்கம், முறை. முடிவு கடைசியிலதான் வரணும். வரலாறு எழுதுற ஆமையைப் பாரு, பாட்டன் காலத்துலேருந்து எவ்வளவு நிதானமா ஆரம்பிக்குது!"

"ஆமையைப் படிக்கிறவங்களுக்கு நூறு வருஷம் இருக்கு, ஐயா. என்னைப் படிக்கிறவங்களுக்கு இன்னிக்குச் சாயங்காலம்தான் இருக்கு. ஒரு வரியையும் நகர்த்த மாட்டேன்."

"அப்போ நான் போடமாட்டேன்."

"போடாதீங்க" என்ற ஈசல், அதைப் புற்று வாசலில் ஒட்டிவிட்டுப் போனது.

அன்று விளக்கடிக்கு ஓர் ஈசல்கூட வரவில்லை. பசியோடு புற்றுக்கு வந்த பல்லி, அந்த முதல் வரியை மறுபடி படித்தது: "விளக்கடியில் நம்மைத் தின்னக் காத்திருப்பது ஆசிரியர்தான்."