பேஸ்மென்ட்டில் ஏறிய தண்ணீர்

“சிற்றிக்கு ஆர் கோல் எடுத்தது எண்டு எனக்கு இண்டைக்குத் தெரியவேணும்.”

தேவதாசனின் குரல் மாடிப்படி முழுக்க ஏறி இறங்கியது. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தை அவரும் அவருடைய அண்ணன் சண்முகலிங்கமும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். வாடகை வாங்குவது, குழாய் திருத்துவது, பனி வழிப்பது எல்லாம் தம்பி. முடிவு எடுப்பது அண்ணன். இன்று அண்ணனும் வந்திருந்தார். ஆனால் அந்த நாற்றத்துக்குள் காலை வைக்க மனமில்லாமல், வெளியே காரில் இருந்தபடியே போனில் தம்பியை ஏவிக்கொண்டிருந்தார்.

முதல் மாடியில் ராதா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அடுப்பை அணைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், மறுபடி கதவுக்கே வந்தாள். மாநகராட்சிக்குப் போன் பண்ணியது யார் என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு, நமக்கு எதற்கு வம்பு என்று அவள் கணவன் நிர்மல் காலையில் வேலைக்குப் போகும்போதே சொல்லியிருந்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே போகலாம். இந்த வாடகைக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வீடு கிடைக்காது.

தொல்லை பேஸ்மென்ட்டில். ஏப்ரலில் பனி உருகி அதோடு மழையும் சேர்ந்தால், அங்கே குளியலறைத் தரை ஓட்டை வழியாகக் கழிவுநீர் பொங்கி மேலே வரும். அங்கே குடியிருந்த வினோஜா துவாய்களால் அணை கட்டி, வாளியால் அள்ளி, ஜாவெல் பிளீச் ஊற்றித் தரையைத் தேய்ப்பாள். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. அவள் கணவன் றொக்சனுக்குச் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு கிடங்கில் வேலை. பாதி நாள் அவள் தனியாகத்தான் அள்ளுவாள். சொல்லி அனுப்பினால் தேவதாசன் பம்போடு வந்து தண்ணீரை இறைத்துவிட்டு, அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போவார். தட்டிக்கழிக்கிறார் என்றே ராதா நினைத்தாள்.

இந்த முறை வினோஜாவின் கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றி அனுப்பினார்கள். மாநகராட்சிக்கு நானே சொல்கிறேன் என்று ராதா போனை எடுத்தபோது, வினோஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அக்கா. எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. வீட்டுக்காரர் எழுப்பிவிட்டால் ஆர் எங்களுக்கு வீடு தருவினம்?”

ராதா போனை வைத்துவிட்டாள். வைத்தது சரிதானா என்று அன்றிலிருந்து மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் நேற்று மாநகராட்சியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து நின்றார். தரையைப் பார்த்தார், படம் எடுத்தார், கழிவுக்குழாயை முழுதாகத் தோண்டி மாற்றவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். தான் கூப்பிடவில்லை என்று வினோஜா சத்தியம் செய்தாள். ராதா அதை நம்பவில்லை. பிள்ளை படுகிற பாட்டைப் பார்த்துத் துணிந்திருப்பாள், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

தேவதாசன் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். மேல்மாடியில் எல்லோரும் கையை விரித்தார்கள். இறங்கி வந்து, ராதாவின் கதவைத் தட்டும் முன்பே வினோஜாவைக் கூப்பிட்டார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி படியேறி வந்து, அவர் கேட்டதற்கெல்லாம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மேற்கொண்டு கேட்காமல் நின்றார். ஸ்பீக்கரில் இருந்த அண்ணன் விடவில்லை.

“வேற ஆர்? அவளாத்தான் இருக்கும். இந்த மாசத்தோட எழும்பச் சொல்லு.”

வினோஜா அழத் தொடங்கினாள். அடுத்த கணம் ராதா கதவைத் திறந்துகொண்டு வெளியே நின்றாள்.

“அவங்க இல்ல. நான்தான் போன் பண்ணேன்,” என்றாள். “வீட்டுக்குள்ள சாக்கடை வருது. குழந்தை சாகப் பாத்துச்சு. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

தேவதாசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் அது, எந்த வீடு என்று போனில் அண்ணன் கத்தினார். முதல் மாடி இந்தியாப் பிள்ளை என்று தம்பி சொன்னார். அப்படியானால் வாடகை ஒப்பந்தம் முடிகிற ஜூலையில் அவளையும் புருஷனையும் கிளப்பு என்று பதில் வந்தது. தான் பேசிக்கொள்வதாகச் சொல்லித் தேவதாசன் போனை அணைத்தார். வினோஜாவைக் கீழே அனுப்பினார். பிறகு ராதாவின் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

ராதாவுக்கு நிர்மலின் நினைவு வந்தது. அவனுக்கு என்ன பதில் சொல்வது? புகார் கொடுத்ததற்காக ஒருவரைக் கிளப்பச் சட்டம் விடாது என்று தொடங்கினாள். முன்பே குழாயை மாற்றியிருந்தால் யாரும் போன் பண்ணவேண்டி வந்திருக்காது என்றும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம்தான் ஏறியது.

தேவதாசன் எதையும் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாக ஒருமுறை காரைப் பார்த்தார்.

“அண்ணையிட்டை நானும் எத்தினையோ தரம் சொல்லிப்போட்டன், தங்கச்சி. அவர் காதிலை வாங்கிறாரில்லை,” என்றார் தாழ்ந்த குரலில். “நீங்கள் அந்தப் பிள்ளைக்காகப் பொய் சொல்லுறியள். சிற்றிக்குக் கோல் எடுத்தது நான்.”