ஒற்றைக் காது மாடல்

"தலையைக் குடு!" என்று உறுமினார் மானேஜர்.

கேள்விக்குறி கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை நீட்டினாள். வெட்டுவதற்கு இல்லை, மேஜை டெலிபோனுக்கு ஹெட்செட் மாட்டிப் பார்ப்பதற்குத்தான். ஆனால் அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பார்சல் ஆபீசுக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது போன் வரும். ரிசீவரை இடது தோளில் இடுக்கிக்கொண்டு எழுதி எழுதி, மூன்றே மாதத்தில் அவள் கழுத்து வளைந்துவிட்டது. அதைப் பார்த்து 'கேள்விக்குறி' என்று பட்டப்பெயர் சூட்டியவள் பில் போடும் அக்கா.

ஏன் எப்போதும் இடது தோள்? வலது காது, அவள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே ஒரு காய்ச்சலோடு ஓய்வு பெற்றுவிட்டது. ஆபீசில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. வேலை விளம்பரத்திலேயே 'காது கூர்மையாக இருக்க வேண்டும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாகும். அன்று புதன்.

மானேஜரின் குரலோ, குரலே இல்லை, இடி. அவர் "பியூன்!" என்று கூப்பிட்டால் மூன்று தெரு தள்ளி நிற்கும் கார்கள் அலறும். எதிர்க் கட்டடத்தில் இரண்டு பேர் "இதோ வந்துட்டேன் சார்" என்று எழுந்து நிற்பார்கள்.

ஹெட்செட் விற்க வந்த சேல்ஸ்மேன் பெட்டிக்குள் தலையை விட்டுத் துழாவியபடியே கேட்டான். "ஒத்தைக் காதா, ரெட்டைக் காதா சார்?"

"கருப்பு!" என்றார் மானேஜர்.

"பாத்தீங்களா தம்பி, சார் அடுத்த கேள்விக்கே போயிட்டாரு. அவ்ளோ வேகம்!" என்றாள் அக்கா.

கருப்பில் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தான். ஒன்று இரண்டு காதையும் மூடுவது, மற்றது ஒரு காதுக்கு மட்டும்.

கேள்விக்குறிக்கு உயிர் வந்தது. இரண்டையும் மூடிக்கொண்டால் இடது காது வேலையைப் பார்த்துக்கொள்ளும். வெளியே யார் கூப்பிட்டுக் காதில் விழாவிட்டாலும் பழி ஹெட்செட்டின் மேல்.

மானேஜரை நேராகப் பார்த்துக் கேட்டாள். "சார், எனக்கு ரெட்டைக் காது குடுத்துடுங்க சார்."

"ரெண்டையும் மூடிட்டா நான் கூப்பிடறது எப்படிக் கேக்கும்? ஒத்தைக் காதுதான்! வலது காதுல கஸ்டமர், இடது காதுல நான்!"

"மாத்தி மாட்டிக்கட்டுமா சார்? இடதுல கஸ்டமர்..."

"என் ரூம் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம் சார்."

"அப்புறம்?"

அப்புறம் என்ன, ஹெட்செட் வலது காதில் போய் உட்கார்ந்தது. ஆள் இல்லாத வீட்டுக்கு அழைப்பு மணி வைத்த மாதிரி.

"வெளியில நின்னு போன் போடறேன் மேடம். சும்மா கஸ்டமர்கிட்ட பேசற மாதிரி பேசுங்க," என்று சொல்லிவிட்டு சேல்ஸ்மேன் வராந்தாவுக்குப் போனான். மணி அடித்தது. பொத்தானை அழுத்தினாள். வலது காதுக்குள் பாலைவனம்.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. மானேஜர் இமைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. துணிந்து ஆரம்பித்தாள்.

"வணக்கம், சொல்லுங்க சார்... ஆமாங்க... உங்க பெட்டி காலையிலேயே கிளம்பிடுச்சு... ஐயோ, அதெல்லாம் உடையாதுங்க... சாயந்தரத்துக்குள்ள வந்துடும் சார்!"

கதவு திறந்தது. ஒரு கையில் செல்போன், மறு கையில் தண்ணீர் பாட்டில், மோவாயில் நீர் வழிய நின்றான் சேல்ஸ்மேன்.

"மேடம், யார்கிட்ட பேசறீங்க? தொண்டை காஞ்சுதுன்னு தண்ணி குடிச்சிட்டிருந்தேன். நான் இன்னும் வாயே திறக்கலையே!"

அக்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "நம்ம ஆபீஸ்ல கஸ்டமர் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் ரெடி தம்பி!"

மானேஜர் சிரிக்கவில்லை. கேள்விக்குறியின் முகத்தைப் பார்த்தார், சேல்ஸ்மேன் முகத்தைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் வெளியே போங்க!" என்று அக்காவையும் சேல்ஸ்மேனையும் பார்த்துக் கையைக் காட்டினார்.

சுவர்க் கடிகாரம் ஆடியது. சேல்ஸ்மேன் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். அக்கா பேனாவை மூடக்கூட நிற்கவில்லை. மானேஜர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

கேள்விக்குறி ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். அவரைப் பார்க்கத் தெம்பில்லை. மேஜையைப் பார்த்தபடி, கண்ணீர் சொட்டச் சொட்ட, மூன்று மாதமாகப் பொத்தி வைத்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"வலது காது கேக்காது சார். சின்ன வயசுலேர்ந்தே. விளம்பரத்தைப் பாத்துட்டும் மறைச்சிட்டேன், தப்புதான். ஆனா ஒரு போன்கூட விட்டதில்ல சார். வீட்ல என் சம்பளம் மட்டும்தான். வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க சார்."

சொல்லிவிட்டு இடிக்குக் காத்திருந்தாள். இடி வரவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம்தான் வந்தது. மானேஜர் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

மூன்று தெருவுக்குக் கேட்கும் அந்தக் குரல் அன்று மூன்று அடி தாண்டவில்லை. அவள் இடது காதைத் திருப்பித்தான் அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

"நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொல்லும்மா... எனக்கு ரெண்டு காதுமே கேக்காது."