பூவிழி சொன்ன பதில்

கிளிகள் படிக்கும் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த ஆந்தையார், "எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கோம் ஐயா!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

பூவிழி என்ற கிளி மட்டும் எழுந்து, "நான் நல்லா இல்லைங்க ஐயா. பரீட்சையை நினைச்சாலே இறக்கை நடுங்குது. சாப்பிடவே முடியல" என்றது.

மைனா டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு, பறந்துபோய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அப்படித்தான் டீச்சர்" என்று இன்னொரு கிளி மெல்லச் சொன்னது. அதையும் அருகில் அழைத்துக்கொண்டார்.

ஆந்தையார் முகம் சுளித்தார். "இதைத்தான் சொல்லிக்கொடுத்தீங்களா டீச்சர்?"

இரண்டு கிளிகளையும் அணைத்தபடியே மைனா தலைநிமிர்ந்தார்.

"நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் முதல்ல சொன்னாங்க ஐயா. இப்பத்தான் என் பிள்ளைங்க பேசுறாங்க."